பினாங்கில் ஊராட்சி: வளர்ந்ததும் தளர்ந்ததும்

அரசின் ஆணைகள் தலைநகரில் பிறக்கின்றன. ஆனால் ஆட்சியின் நன்மை தீமைகளை மக்கள் உணர்வது தம் வீட்டு வாயிலில்தான். குடிநீர், கழிவுநீர்க் கால்வாய், தெரு விளக்கு, சந்தை, இடுகாடு, சிறுவர் விளையாடும் திடல் ஆகியவை நாடாளுமன்றத்தில் நாள்தோறும் பேசப்படுவன அல்ல. ஆயினும் ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்வு இவற்றையே சார்ந்திருக்கிறது. இவற்றைப் பேணும் பொறுப்புடைய அமைப்பே ஊராட்சி. அதனை நடத்துவோரை அவ்வூர் மக்களே தெரிந்தெடுப்பதா, மேலிருந்து அரசு நியமிப்பதா என்னும் வினா பழமையானது. மலாயாவில் அவ்வினாவுக்கு இருவகை விடைகளையும் கண்ட மண் பினாங்கு.

பழந்தமிழர் கண்ட முறை

ஊராட்சி என்றவுடன் தமிழாசிரியர் நினைவுக்கு வருவது உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று பணிகள் பகுக்கப்பட்டன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் இடம்பெற இயலாது என்பது விதி.

அது பிரமதேயச் சபை. நிலமும் கல்வியும் உடைய அந்தணர்க்கே அதில் இடம் இருந்தது. பெண்டிர்க்கும் உழுகுடிகளுக்கும் இடமில்லை. ஆதலின் அதனை இன்றைய மக்களாட்சியோடு ஒன்றாக வைத்து எண்ணுதல் பொருந்தாது. ஆயினும், ஊர்ப்பணி செய்வோர் ஊருக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்ற கருத்து ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் மண்ணில் கல்லில் எழுதப்பட்டது என்பது பெருமைக்குரியது.

நிலத்தை அளந்த இரு நாடுகள்

பினாங்கின் வரலாற்றை அமெரிக்க நாட்டின் ஊரக வரலாற்றோடு ஒப்பிட்டு நோக்குதல் பயன் தரும். விடுதலை பெற்ற அமெரிக்கா 1785ஆம் ஆண்டில் நிலச்சட்டம் ஒன்றை இயற்றியது. மேற்கே விரிந்து கிடந்த நிலம், பக்கத்துக்கு ஆறு மைல் கொண்ட சதுரங்களாக அளக்கப்பட வேண்டும் என்றது அச்சட்டம். 'டவுன்ஷிப்' எனப்பட்ட ஒவ்வொரு சதுரமும் 640 ஏக்கர் அளவுள்ள 36 கூறுகளாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் 16ஆம் கூறு பொதுப் பள்ளிக்கென ஒதுக்கப்பட்டது. நிலத்தை அளப்பதற்காக ஏற்பட்ட இச்சதுரம், பின்னர்ப் பல மாநிலங்களில் ஆட்சி அலகாகவும் வளர்ந்தது. உழவர்கள் தம்முள் சிலரைத் தெரிந்தெடுத்துச் சாலை அமைக்கவும் வரி மதிப்பிடவும் ஏழைகளைப் பேணவும் பொறுப்பளித்தனர். வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்து ஊர்களிலோ, ஊரார் ஆண்டுதோறும் ஒரு மண்டபத்தில் கூடித் தாமே வரவு செலவை முடிவு செய்யும் வழக்கம் அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது.

அந்நிலச்சட்டம் பிறந்த மறு ஆண்டில், 1786இல், பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் கால் வைத்தார். 1800ஆம் ஆண்டில், எதிர்க்கரை நிலமும் கெடா சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. வெல்லஸ்லி மாநிலம் என்று பெயர் பெற்ற அந்நிலமே இன்றைய செபராங் பிறை. வடக்கே மூடா ஆறு, இடையே பிறை ஆறு, தெற்கே கிரியான் ஆறு என ஆறுகள் வளப்படுத்தும் தாழ்ந்த சமவெளி அது. ஏறத்தாழ 300 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள தீவைவிட அது இருமடங்குக்கும் மேற்பட்டது. தீவிலும் நகரம் வடகிழக்கு முனையில்தான் எழுந்தது. மலைக்கு அப்பால் பாலேக் பூலாவ் பகுதி சாதிக்காய், கிராம்புத் தோட்டங்களும் வயல்களும் நிறைந்த நாட்டுப்புறமாகவே இருந்தது.

இந்நாட்டுப்புறமும் 'முக்கிம்' என்னும் சிறு பிரிவுகளாக வகுக்கப்பட்டது. அமெரிக்க டவுன்ஷிப்புக்கும் முக்கிமுக்கும் உள்ள வேறுபாடு ஈண்டு கருதத்தக்கது. டவுன்ஷிப், நில அளவையில் தொடங்கி மக்களாட்சி அலகாக வளர்ந்தது. முக்கிம் நிலப் பதிவேட்டின் அலகாகவே நின்றுவிட்டது. அதன் தலைவரான பெங்ஹூலு அரசால் நியமிக்கப்பட்டு அரசிடமே ஊதியம் பெற்றார். ஊரார்க்குக் கணக்குக் காட்டும் கடமை அவர்க்கு விதிக்கப்படவில்லை.

நகரத்தின் தொடக்கம்

நகரத்தின் நிலை சிறிது வேறானது. 1800ஆம் ஆண்டையொட்டி ஜோர்ஜ்டவுனில் வரி மதிப்பீட்டாளர் குழு ஒன்று ஏற்பட்டது. வீடு, கடைகளின் மதிப்பைக் கணக்கிட்டு வரி பெற்றுச் சாலையும் கால்வாயும் அமைப்பது அதன் பணி. மலாயாவின் ஊராட்சி வரலாறு அக்குழுவிலிருந்தே தொடங்குகிறது. 1857இல் நகராண்மை ஆணையர் குழு அமைந்தபோது, உறுப்பினருள் ஒரு பகுதியினரை வரி செலுத்துவோர் தெரிந்தெடுக்கும் உரிமை பெற்றனர். சொத்துடையோர்க்கு மட்டுமே உரிய குறுகிய உரிமைதான் அது. அதுவும் நீடிக்கவில்லை. 1913ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேர்தல் நீக்கப்பட்டு, ஆணையர் அனைவரும் நியமனம் பெறுவோராயினர்.

நகர எல்லைக்கு வெளியே இருந்தவர்க்கு நாட்டுப்புற வாரியங்களே கிடைத்தன. அவற்றை நடத்தியவர் அதிகாரிகளும் அரசால் நியமிக்கப்பட்டவர்களுமே.

இவ்விரண்டுக்கும் அப்பாற்பட்ட மூன்றாம் நிலை ஒன்றும் இருந்தது. அதுவே தோட்டம். செபராங் பிறையின் தென்பகுதியில், பத்து காவான், நிபோங் திபால் வட்டாரங்களில், 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் செழித்தன. பின்னர் அவ்விடத்தை ரப்பர் கவர்ந்தது. அத்தோட்டங்களில் உழைத்தவருள் பெரும்பாலோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த தமிழர். தோட்டம் தனியார் நிலம். அங்குச் சாலையும் நீரும் லயன் வீடும் மருந்தகமும் துரையின் பொறுப்பு. பள்ளியும் அவ்வாறே. அமெரிக்க உழவன் பிள்ளைக்குப் பள்ளி நிலம் சட்டத்தால் ஒதுக்கப்பட்டது; தோட்டத் தமிழன் பிள்ளைக்குப் பள்ளி நிலம் தோட்ட நிர்வாகத்தின் மனம்போல் அமைந்தது. நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகள் பல இன்றளவும் சொந்த நிலமின்றிப் பகுதி உதவி பெறும் பள்ளிகளாக இருப்பதன் வேர் இங்கேதான் உள்ளது.

மலர்ச்சிக் காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலை மாறியது. 1950ஆம் ஆண்டில் ஊராட்சித் தேர்தல்களுக்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. 1951 டிசம்பர் முதல் நாள் ஜோர்ஜ்டவுன் நகராண்மைக் கழகத்துக்குத் தேர்தல் நடைபெற்றது. போருக்குப் பிந்திய மலாயாவில் நடந்த முதல் தேர்தல் அதுவே. 15 இடங்களுள் 9 இடங்கள் மக்கள் வாக்குக்கு விடப்பட்டன. அவற்றுள் 6 இடங்களை டாக்டர் லிம் சோங் யூ தலைமையேற்ற தீவிரக் கட்சி வென்றது. கோலாலம்பூர் மக்கள் வாக்களித்தது அதற்கடுத்த ஆண்டில்தான். நாடு தன் முதல் பொதுத்தேர்தலைக் கண்டதோ 1955இல். எனவே, வாக்குப்பெட்டி என்பதை மலாயா மக்கள் முதன்முதலில் பழகியது ஊராட்சியின் வழியாகவே என்பது தெளிவு.

1952ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, சிற்றூர்களும் புதுக்கிராமங்களும் தமக்கென மன்றங்களைத் தெரிந்தெடுத்துக்கொள்ள வழி செய்தது. பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் ஆகியவை நகர மன்றங்களைப் பெற்றன. வாக்குரிமை நகரத்திலிருந்து நாட்டுப்புறத்தை நோக்கிப் படிப்படியாக நடந்தது.

1956இல் ஜோர்ஜ்டவுன் மன்றத்தின் உறுப்பினர் அனைவரும் மக்களால் தெரிந்தெடுக்கப்படுவோராயினர். 1957 ஜனவரி முதல் நாள் அது மாநகர் எனும் தகுதி பெற்றது. மலாயாக் கூட்டரசின் முதல் மாநகர் அதுவே. அம்மாநகரின் முதல் மேயராகப் பொறுப்பேற்றவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். இராமநாதன் என்னும் தமிழர். சீனர் பெரும்பான்மையினராக வாழ்ந்த நகரில், உறுப்பினர்கள் தெரிந்தெடுத்த முதல் மேயர் சிறுபான்மை இனத்தவராக இருந்தார். இனத்தைக் கடந்து வாக்களிக்கவும் வழிநடத்தவும் ஊராட்சி களம் அமைத்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. அவர் பெயரைத் தாங்கிய சாலை ஒன்று அந்நகரில் இன்றும் உள்ளது.

தடையும் ஆணையமும்

1965 மார்ச்சில், இந்தோனேசியாவின் எதிர்ப்பியக்கத்தைக் காரணமாகக் காட்டி, நாடு முழுவதும் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அமைதி திரும்பியதும் தேர்தலும் திரும்பும் என்று பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் உறுதியளித்தார். பெருநகர்கள் சிலவற்றில் எதிர்க்கட்சிகள் வலுப்பெற்றிருந்ததே உண்மைக் காரணம் என்று கூறுவோரும் உளர். மன்றங்கள் சிலவற்றில் நிர்வாகச் சீர்கேடுகள் மலிந்தன என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. 1966இல் ஜோர்ஜ்டவுன் மாநகர் மன்றத்தின் அதிகாரங்களை மாநில அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது.

ஊராட்சிகளின் நிலையை ஆராய 1965இல் அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவரும் ஒரு தமிழரே: மேலவை உறுப்பினராக இருந்த ஆதி நாகப்பன். ஆணையம் தன் அறிக்கையை முடிக்க மூன்று ஆண்டுகளுக்கு மேலாயின. 1971இன் இறுதியில்தான் அது வெளியிடப்பட்டது. நாட்டில் முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஊராட்சி அமைப்புகள் சிதறிக் கிடப்பதையும், சிறு மன்றங்கள் போதிய வருவாயும் பயிற்சி பெற்ற அலுவலரும் இன்றி இடர்ப்படுவதையும் ஆணையம் மறைக்கவில்லை. அவற்றை இணைத்து வலுப்படுத்த வேண்டும் என்றது. அதே வேளையில், தேர்தல் மீண்டும் வேண்டும் என்றும் தெளிவாகப் பரிந்துரைத்தது. குறையைக் கண்டவர்களே உரிமையையும் வலியுறுத்தினர் என்பதில்தான் அவ்வறிக்கையின் சிறப்பு அடங்கியுள்ளது.

அரசு அப்பரிந்துரைகளுள் ஒன்றை ஏற்றது, மற்றதை விடுத்தது. 1973ஆம் ஆண்டு இடைக்காலச் சட்டமும் 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டமும் மன்றங்களை இணைத்தன. பினாங்கின் நகரமும் நாட்டுப்புறமும் சேர்ந்து, தீவுக்கு ஒன்றும் செபராங் பிறைக்கு ஒன்றுமாக இரண்டு நகராண்மைக் கழகங்கள் ஆயின. தேர்தல் கைவிடப்பட்டது. தலைவரோடு, எட்டுக்குக் குறையாமலும் இருபத்துநான்குக்கு மிகாமலும் உறுப்பினரை மாநில அரசே நியமிக்கும் என்று சட்டம் வரையறுத்தது.

பெற்றதும் இழந்ததும்

இம்மாற்றத்தால் விளைந்த நன்மையை மறுத்தல் நேர்மையாகாது. வருவாய் குன்றிய சிற்றூர்கள் பெரிய மன்றத்தின் குடைக்கீழ் வந்தன. பொறியாளரும் நகரமைப்பு வல்லுநரும் நாட்டுப்புறத்துக்கும் கிடைத்தனர். தோட்டங்களும் கம்பங்களும் மன்ற எல்லைக்குள் அமைந்தன. பிற்காலத்தில் இரு கழகங்களும் மாநகர் மன்றங்களாக உயர்ந்தன. தீவு 2015இலும் செபராங் பிறை 2019இலும் அத்தகுதியைப் பெற்றன.

ஆயினும் இழப்பும் சிறிதன்று. தோட்டத் தமிழர்க்கு ஊராட்சியின் வாயில் திறந்தபோது, அதனுள் வாக்குப்பெட்டி இல்லை. நகரத்தில் வாக்குரிமை இருந்த காலத்தில் அவர் துரையின் நிலத்தில் இருந்தார். மன்ற எல்லை அவர் லயன் வீட்டைத் தொட்டபோது வாக்குரிமை போய்விட்டிருந்தது. பின்னர்த் தோட்டங்கள் தொழிற்பேட்டைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. அப்போது கோயிலுக்கும் பள்ளிக்கும் இடுகாட்டுக்கும் இடம் கேட்டு அவர் நடந்தது, தாம் தெரிந்தெடுத்த உறுப்பினரிடம் அன்று. யாரோ நியமித்த உறுப்பினரிடம். அவ்வுறுப்பினர் நல்லவராக இருக்கலாம், பலர் நல்லவராகவே இருந்தனர். ஆனால் அவர் கணக்குக் காட்ட வேண்டிய இடம் ஊர் அன்று.

இவ்வினா முடிந்துவிடவில்லை. 2012இல் பினாங்குச் சட்டமன்றம், ஊராட்சித் தேர்தலை மீட்பதற்கெனத் தனிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம், மாநிலத்துக்கு அவ்வதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. முதன்முதலில் வாக்களித்த மண்ணே அதனை மீண்டும் கேட்டது என்பதை வரலாறு குறித்துக்கொண்டது.

ஊராட்சி என்பது குடிமைப் பண்பின் தொடக்கப்பள்ளி. தொடக்கப்பள்ளி பயிலாமல் எவரும் பல்கலைக்கழகம் செல்வதில்லை. உத்திரமேரூரைப் பாடமாக நடத்தும் ஆசிரியர், அதனைப் பழம்பெருமையாக மட்டும் நிறுத்திவிடாமல், மாணவர் வாழும் ஊரோடும் இணைத்துக் காட்டுதல் வேண்டும். தம் தெரு எந்த மன்றத்தின் எல்லைக்குள் உள்ளது, மதிப்பீட்டு வரி எதற்குச் செலவாகிறது, அதன் கணக்கை எங்கே கேட்பது என்பவற்றை மாணவர் அறிந்திருத்தல் நலம். தெரிந்தெடுக்கும் உரிமை இன்று இல்லையெனினும், கணக்குக் கேட்கும் உரிமை வரி செலுத்தும் ஒவ்வொருவர்க்கும் உண்டு. கேட்கத் தெரிந்த மக்கள் உள்ள ஊரில், இழந்த உரிமை மீளும் வழியும் அடைபட்டுப் போவதில்லை.