இலகுரகப் பயன்பாட்டு ஹெலிகாப்டர் தேர்வு (இந்தியத் தரைப்படை)

சியாச்சின் காவல் நிலைகளுக்கு உணவும் மண்ணெண்ணெயும் கொண்டுசெல்லும் சீட்டா, சேத்தக் ஹெலிகாப்டர்களுக்கு மாற்றுத் தேடி இந்தியா நடத்திய நீண்ட கொள்முதல் முயற்சி. இரண்டுமே பிரெஞ்சு வடிவமைப்புகள். உரிமம் பெற்று பெங்களூரு எச்.ஏ.எல். நிறுவனம் தயாரித்தவை. சீட்டாவின் மூல வடிவமான லாமா 1972இல் 12,442 மீட்டர் உயரம் எட்டி உலக சாதனை படைத்தது. ஆனாலும் காற்று மெலிந்த மிக உயர்ந்த நிலைகளுக்குச் சில பத்துக் கிலோ சுமையோடுதான் சீட்டா ஏறுகிறது.

197 ஹெலிகாப்டர்களுக்கான முதல் டெண்டரில் ஐரோப்பிய ஃபென்னெக் முன்னணிக்கு வந்தது. 2007இல் டெண்டரே ரத்தானது. அடுத்ததும் 2014இல் கைவிடப்பட்டது. 2015 டிசம்பரில் ரஷ்யாவின் கமோவ் கா-226டி தேர்வாகி, அரசுகளுக்கிடையே ஒப்பந்தம் கையெழுத்தானது. திட்டமிட்டவை 200, பெரும்பகுதி இந்தியாவில் தயாராக வேண்டும். ஒரே அச்சில் எதிரெதிராகச் சுழலும் இரண்டு சுழலிகள் இருப்பதால் இதற்கு வால் சுழலி தேவையில்லை. மலைக்காற்றில் அது பெரிய வசதி. ரஷ்ய ஹெலிகாப்டர் என்றாலும் என்ஜின் பிரெஞ்சு.

விலையிலும் உள்நாட்டு உதிரிபாகங்களின் விகிதத்திலும் பேச்சு இழுபட, கொள்முதல் நடக்கவில்லை. இதற்கிடையே எச்.ஏ.எல்.லின் சொந்த இலகுரக ஹெலிகாப்டர் 2016 செப்டம்பரில் முதன்முறை பறந்தது. அதைத் தயாரிக்கும் தும்கூரு ஆலை 2023 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. இந்த ஹெலிகாப்டரின் சக்தி என்ஜினும் பிரெஞ்சுக் கூட்டுறவில் உருவானதே.