விளைச்சல் பெருகியும் விலை ஏறுவது ஏன்? உலக அரிசிச் சந்தையில் ஏற்றுமதித் தடைகளின் பங்கு

2007-08ஆம் பருவத்தில் உலக நெல் விளைச்சல் அதுவரை இல்லாத உச்சத்தில் இருந்தது. அதே பருவத்தில்தான் அரிசியின் உலக விலை ஏறத்தாழ மும்மடங்கானது. 2007 இறுதியில் டன்னுக்கு 350 டாலரை ஒட்டியிருந்த தாய்லாந்து அரிசி, சில மாதங்களில் 1,000 டாலரைத் தொட்டது. விளைச்சல் பெருகினால் விலை இறங்கும் என்ற பாலபாடம் ஏன் பொய்த்தது? அரிசியைப் பொறுத்தவரை அளிப்பும் தேவையும் அரசாணைகள் என்ற மதகைக் கடந்தே உலகச் சந்தைக்கு வந்து சேர்கின்றன. ஆகவே அதன் பெரும் விலை அதிர்ச்சிகளுக்குக் காரணத்தை வயலில் தேடுவதைவிட வர்த்தகக் கொள்கையில் தேடுவதே சரி என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. மெலிந்த சந்தை

உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 52 கோடி டன் அரிசி உற்பத்தியாகிறது. அதில் நாட்டு எல்லையைக் கடப்பது சுமார் 5 கோடி டன், அதாவது பத்தில் ஒரு பங்கு. கோதுமையிலோ ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு எல்லை கடக்கிறது. விளைந்த நாட்டிலேயே பெரும்பாலும் உண்டு தீர்க்கப்படும் தானியம் அரிசி.

இதன் தேவை நெகிழ்ச்சியும் குறைவு. விலை ஏறினால் ஏழைக் குடும்பம் பருப்பையும் காய்கறியையும் குறைத்துக்கொள்ளும், சோற்றைக் குறைக்காது. அளிப்பும் உடனே கூடாது, அடுத்த அறுவடை வரை காத்திருக்கத்தான் வேண்டும். இந்நிலையில் ஒவ்வோர் அரசும் தன் மக்களை விலையேற்றத்திலிருந்து காக்க முனையும்போது, சரிக்கட்ட வேண்டிய சுமை முழுவதும் அந்தப் பத்தில் ஒரு பங்கின் தலையில் விழுகிறது. 50 லட்சம் டன்னை ஒரு நாடு நிறுத்திவைத்தால் அது உலக நுகர்வில் ஒரு விழுக்காடுதான். உலக வர்த்தகத்தில் அதுவே பத்து விழுக்காடு.

2. 2008: அச்சம் ஏற்றிய விலை

2007 அக்டோபரில் பாசுமதி அல்லாத அரிசியின் ஏற்றுமதியை இந்தியா தடுத்தது. மூலகாரணம் நெல்லில் இல்லை. முந்தைய இரு பருவங்களில் கோதுமைக் கொள்முதல் குறைந்திருந்தது, உலகச் சந்தையில் கோதுமை விலையும் ஏறிக்கொண்டிருந்தது. பொது விநியோகத்துக்கு அரிசியையே நம்ப வேண்டியிருந்ததால் அரசு அதை உள்நாட்டில் இருத்திக்கொண்டது. தடை விரைவில் குறைந்தபட்ச ஏற்றுமதி விலையாக மாறியது. அந்த விலை படிப்படியாக உயர்த்தப்பட்டு, 2008 ஏப்ரலில் மீண்டும் தடை வந்தது. வியட்நாமும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. பதறிப்போன பிலிப்பைன்ஸ் 5 லட்சம் டன்னுக்கு ஒரே ஒப்பந்தப்புள்ளி கோரியபோது, வந்த விலைகளில் சில 1,000 டாலரையும் தாண்டியிருந்தன.

இறங்கிய விதத்தையும் கவனிக்க வேண்டும். உலக வர்த்தக அமைப்பின் உடன்பாட்டின்படி இறக்குமதி செய்த சுமார் 15 லட்சம் டன் அரிசி ஜப்பானின் கிடங்குகளில் இருந்தது. அதில் ஒரு பகுதியைப் பிலிப்பைன்சுக்குத் தரலாம், அமெரிக்கா தடுக்காது என்ற செய்தி 2008 மே மாதம் வெளியானதும், கப்பல் ஏதும் புறப்படும் முன்பே விலை சரியத் தொடங்கியது. பற்றாக்குறை ஏற்றிய விலையாக இருந்திருந்தால் வெறும் அறிவிப்பு அதை இறக்கியிருக்காது.

பொருளியலாளர்கள் வில் மார்ட்டினும் கிம் ஆண்டர்சனும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓர் அளவைத் தந்தது. 2006-08இல் நிகழ்ந்த அரிசி விலையேற்றத்தில் சுமார் 45 விழுக்காட்டுக்கு, ஏற்றுமதி நாடுகள் கதவடைத்ததும் இறக்குமதி நாடுகள் சுங்கவரியைக் குறைத்ததுமே காரணம் என்று அவர்கள் மதிப்பிட்டனர். தனித்தனியே பார்த்தால் இரு செயல்களும் நியாயமானவை. எல்லோரும் ஒருங்கே செய்யும்போது உலக விலை மேலும் ஏறி, எடுத்த பாதுகாப்பின் பெரும்பகுதி வீணாகிறது.

3. நொய், பச்சரிசி, புழுங்கல்: 2022-25

2022இல் உலக அரிசி ஏற்றுமதியில் சுமார் 40 விழுக்காடு இந்தியாவுடையது. அந்த ஆண்டு செப்டம்பரில் நொய்யின் ஏற்றுமதி தடுக்கப்பட்டது. நொய்யின் உள்நாட்டு விலை கிலோ 16 ரூபாயிலிருந்து 22 ரூபாயாக ஏறியதை அரசு காரணம் காட்டியது. நம்மிடையே கஞ்சிக்கும் தீவனத்துக்கும் போகும் நொய்தான் செனகல் மக்களுக்கு அன்றாடச் சோறு. 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத பச்சரிசிக்குத் தடை வந்தது. வாங்குவோர் புழுங்கலரிசியை நாடக்கூடும் என்ற நிலையில், ஆகஸ்டில் அதற்கும் 20 விழுக்காடு ஏற்றுமதி வரி விதிக்கப்பட்டது. ஒரே நெல்லின் மூன்று வடிவங்களும் ஓராண்டுக்குள் கட்டுப்பாட்டின் கீழ் வந்தன.

எல் நினோவால் மழை குறையும் என்ற அச்சம் இருந்தது உண்மை. ஆனால் அரசின் அரிசி இருப்பு, ஜூலை மாதத்துக்கென வகுத்த 135 லட்சம் டன் அளவைவிட வெகுவாகக் கூடுதலாகவே இருந்தது. தாய்லாந்து அரிசி 2024 தொடக்கத்தில் 650 டாலரை நெருங்கியது. 2024 செப்டம்பரில் பச்சரிசித் தடையும், 2025 மார்ச்சில் நொய்த் தடையும் நீங்கின. நல்ல விளைச்சலும் சேர்ந்துகொள்ள, 2025இல் விலை 400 டாலருக்குக் கீழ் இறங்கியது.

தடைக்காலத்தில் சிங்கப்பூர், மலேசியா, செனகல் போன்ற நாடுகளுக்கு அரசுகளின் வேண்டுகோளின் பேரில் தனி ஒதுக்கீடு கிடைத்தது. வணிகம் சலுகையாக மாறும்போது, தூதரகச் செல்வாக்கு குறைந்த நாடே முதலில் தவிக்கும்.

4. ஆணையின் எல்லை

ஆணை எல்லாம் வல்லது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. 2011இல் தாய்லாந்து அரசு சந்தையைவிட மிக உயர்ந்த விலையில், டன்னுக்கு 15,000 பாட் கொடுத்து, உழவர்களிடம் நெல்லை வாங்கிக் கிடங்கில் அடுக்கியது. தான் விற்க மறுத்தால் உலக விலை ஏறும் என்பது அதன் கணக்கு. அதே ஆண்டு செப்டம்பரில் இந்தியா 2008இல் விதித்த தன் தடையை நீக்கியது. வாங்குவோர் இந்திய அரிசிக்குத் திரும்பினர், 2012இல் தாய்லாந்து ஏற்றுமதியில் முதலிடத்தை இழந்தது, கிடங்கு அரிசி பெருநட்டமாயிற்று. மாற்று அளிப்பு இருக்கும்வரை சந்தை எந்த அரசுக்கும் பணியாது. மாற்று இல்லை என்ற அச்சம் பரவும் வேளையில்தான் ஆணை அதிர்ச்சியாகிறது.

5. மறுப்பும் தீர்வும்

‘தன் மக்களுக்குச் சோறிடுவது அரசின் முதற்கடமை, உலகச் சந்தை பிறகுதான்’ என்ற மறுப்பு வலுவானது. அதை நான் ஏற்கிறேன். ஆனால் அக்கடமைக்குத் தடை மட்டுமே கருவி ஆகாது. தடை உள்நாட்டு நெல் விலையை அமுக்குகிறது. அரசுக் கொள்முதல் நிலையத்தில் இடம் கிடைக்காமல் தனியாரிடம் விற்கும் உழவரே நுகர்வோரின் சலுகைக்கு விலை கொடுக்கிறார். முன்கூட்டியே அறிவித்த விலை எல்லையைத் தொட்டதும் தானே கூடிக் குறையும் ஏற்றுமதி வரி இதைவிட நேர்மையானது. அதில் வருவாய் உண்டு, அதை உழவருக்குத் திருப்பலாம், வாங்கும் நாடும் கணக்கிட்டுத் திட்டமிடலாம்.

உலக வர்த்தக அமைப்பின் வேளாண் உடன்பாட்டின் 12ஆம் பிரிவு, தடை விதிக்கும் நாடு முன்னறிவிக்க வேண்டும், இறக்குமதி நாடுகளின் உணவுப் பாதுகாப்பைக் கருத வேண்டும் என்கிறது. மீறினால் உறைக்கும் விளைவு ஏதுமில்லை. முன்னறிவிப்புக் காலத்தையும், கையெழுத்தான ஒப்பந்தங்களுக்கு விலக்கையும் கட்டாயமாக்குவதே அடுத்த அடி. உலக உணவுத் திட்டத்தின் மனிதாபிமானக் கொள்முதலுக்கு விலக்களிக்க உறுப்பு நாடுகள் 2022 ஜூனில் ஜெனீவாவில் உடன்பட்டதால், இது இயலாத காரியமும் அல்ல. உலக அரிசியில் ஐந்தில் இரு பங்கை விற்கும் நாடு இவ்விதியைத் தானே முன்மொழிய வேண்டும். சந்தையைக் குலைக்கும் வலிமை அதற்கு இருப்பதால், அதை நிலைநிறுத்தும் பொறுப்பும் அதற்கே முதலில் உண்டு.