மணமுறிவும் மனைவியின் உழைப்பும்

தோட்டத்துக் கோயிலில் மேளம் முழங்கத் தாலி ஏறியது. லயத்து மக்கள் அனைவரும் சாட்சி. அதற்குமேல் ஒரு காகிதம் எதற்கு என்று நம் முன்னோர் கேட்டனர். குடும்பம் நல்லபடி நடந்தவரை அந்தக் கேள்வியில் குறையில்லை. ஆனால் கணவன் கைவிட்டுப் போனபோது, மனைவிக்கு உரியது என்ன என்று சட்டந்தான் சொல்லவேண்டியிருந்தது. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாருக்கான அந்தச் சட்டம் வளர்ந்த வரலாற்றை இன்று காண்போம்.

1982-க்கு முன் இந்துக்கள் தத்தம் வழக்கப்படி மணந்தனர். அவ்வாறு மணந்த ஆடவன், மனைவி இருக்கும்போதே மற்றொருத்தியையும் மணக்க இடமிருந்தது. 1952-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டமோ, ஒருவனுக்கு ஒருத்தி என்ற கட்டுப்பாடுள்ள திருமணங்களுக்கே பொருந்தியது. ஆகவே, கோயிலில் மட்டும் மணம் முடித்தவளுக்கு அந்தக் கதவு அடைத்தே கிடந்தது. பெரியவர்கள் கூடிப் பேசுவதே வழி. பேசி ஒப்புக்கொண்ட பணத்தைக் கணவன் கொடுக்காவிட்டால், அவனை வற்புறுத்தும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

ஆயினும், வயிற்றுப்பாட்டுக்கு ஒரு வழி பிறந்தது. மனைவி மக்களைப் பராமரிக்கத் தவறியவனிடம் மாதாமாதம் ஜீவனாம்சம் பெற 1950-ஆம் ஆண்டுச் சட்டம் உதவியது. 1968-இல் வந்த சட்டம், அந்தத் தொகையைக் கணவனின் சம்பளத்திலிருந்தே பிடித்துச் செலுத்துமாறு முதலாளிக்கு உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளித்தது. மாதச் சம்பளத்தை நம்பிய குடும்பங்களுக்கு இது பெரிய துணை.

பின்னர் 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணமுறிவுச் சீர்திருத்தச் சட்டம் இயற்றப்பட்டு, 1982 மார்ச் 1-ஆம் நாள் அமலுக்கு வந்தது. ஒருவனுக்கு ஒருத்தி என்பதே சட்டமாயிற்று. திருமணப் பதிவும் கட்டாயமாயிற்று. அதற்கு முன் வழக்கப்படி முறையாக மணந்தவர்கள் பதிவு செய்தவர்களாகவே கருதப்பட்டனர்.

மணமுறிவு கோருவோர் உயர்நீதிமன்றத்தை நாடவேண்டும். கடும் துன்பம் போன்ற தனிக் காரணம் இருந்தாலன்றி, மணமாகி இரண்டு ஆண்டுகள் கழிய வேண்டும். இருவரும் ஒத்துப் பிரிவதானால் கூட்டாக மனுச் செய்யலாம். ஒருவர் மட்டும் கோரினால், பொதுவாக முதலில் பதிவு இலாகாவின் சமரசக் குழுவின் முன் செல்லவேண்டும். மண உறவை முறிக்காமல், நீதிமன்ற ஆணையுடன் பிரிந்து வாழவும் வழியுண்டு. ஆனால் அவ்வாறு பிரிந்திருப்பவர் மறுமணம் செய்ய இயலாது.

சொத்துப் பங்கீட்டில்தான் மனைவியின் உழைப்பு கணக்குக்கு வருகிறது. விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளைகளை ஆயக்கொட்டகையில் விட்டு, பால்மரம் வெட்டித் திரும்பியவள் அவள். சேமிப்பில் வாங்கிய வீடோ கணவன் பெயரில் இருக்கும். ஒருவர் சம்பாத்தியத்தில் மட்டும் வாங்கிய சொத்தானால், சம்பாதித்தவருக்கே பெரும்பங்கு என்று 1976-ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. 2018 டிசம்பரில் அமலான திருத்தம் அந்த விதியை நீக்கியது. வீட்டைப் பேணியதும் பிள்ளைகளை வளர்த்ததும் பங்களிப்பே. சமபங்கை நோக்கியே நீதிமன்றம் சாயவேண்டும் என்பது இப்போதைய விதி. பிள்ளைகளின் ஜீவனாம்சமும் 18 வயதோடு நின்றுவிடாமல், மேற்படிப்பு முடியும்வரை நீள வழி பிறந்தது.

ஒன்றை மறவாதிருப்போம். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். அதில் பங்கு கேட்க இயலாது. தோட்ட வாழ்வில் கணவனும் மனைவியும் சேர்த்ததுதான் பங்குக்கு வரும். ஆகவே திருமணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், வீட்டுத் தவணை ரசீது, சம்பளச் சீட்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துவோம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதோர் அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவை அணுகலாம்.

குடும்பம் சேர்ந்து வாழ்வதே நம் விருப்பம். அது கூடாமற்போனால், உழைத்தவள் வெறுங்கையோடு வெளியேற வேண்டியதில்லை. தாலிக்கு ஊர் சாட்சி. உரிமைக்குப் பதிவே சாட்சி.