பழைய செய்மதிப் பதிவுப் பெட்டி: எறிவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

2009 ஏப்ரலில் லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் தமிழர்கள் திரண்டபோதும், 2011 ஜூன் 14 அன்று சனல் 4 ‘இலங்கையின் கொலைக்களங்கள்’ ஆவணப்படத்தை ஒளிபரப்பியபோதும் பிரித்தானியாவில் வாழும் நம்மவர்களில் சிலர் அவற்றைத் தங்கள் செய்மதிப் பெட்டிகளில் பதிந்து வைத்தனர். ஆவணப்படத்தை இன்று இணையத்தில் பார்க்கலாம். ஆனால் ஏதோ ஒரு செய்தியில் சில விநாடிகள் தோன்றி மறைந்த அம்மாவின் முகம் அந்தப் பெட்டியில் மட்டுமே இருக்கக்கூடும். இடப்பெயர்வில் அல்பங்களையே தொலைத்த குடும்பங்களுக்கு அதன் பெறுமதி தெரியும்.

பிரித்தானியாவில் ஸ்கை பிளஸ் பெட்டி 2001 இல் அறிமுகமானது. முதற் பெட்டிகளில் 40 கிகாபைற் வன்தட்டு இருந்தது. 2016 இல் ஸ்கை கியூ வந்தபோது பலர் அதற்கு மாறினர். பழைய பதிவுகளைப் புதிய பெட்டிக்கு மாற்ற முடியாததால், அவை பழைய பெட்டியிலேயே தங்கிவிட்டன.

முதலில் பிரதி

பெட்டி இயங்கும் நிலையில் இருந்தால், திருத்த வேலைக்கு முன் பதிவுகளைப் பிரதி எடுங்கள். வன்தட்டைக் கழற்றிக் கணினியில் இணைப்பது பயன் தராது. பெட்டி தனக்கே உரிய முறையில் எழுதுவதால் கணினிக்குக் கோப்புகள் தெரியாது. ‘ஃபோமற் செய்யவா?’ என்று கணினி கேட்கும்போது சம்மதித்தால், பதிவுகளை மீட்பது மிகக் கடினமாகிவிடும். கட்டணச் சனல்களின் பதிவுகள் பூட்டப்பட்டும் இருக்கும்.

எளிய வழி, பெட்டியின் ஸ்கார்ட் துவாரத்திலிருந்து டிவிடி ரெக்கோடருக்கோ கணினியுடன் இணையும் வீடியோ பதிவுக் கருவிக்கோ கம்பி கொடுத்து, பதிவை ஓடவிட்டுப் பிடிப்பது. ஒரு மணி நேரப் பதிவுக்கு ஒரு மணி நேரம் எடுக்கும்; படத்தின் தெளிவும் சற்றுக் குறையும். டிரீம்பொக்ஸ் போன்ற லினக்ஸ் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு வேலை இலகு. இலவசச் சனல்களின் பதிவுகள் அதில் சாதாரணக் கோப்புகளாகவே இருக்கும்.

கோளாறு எங்கே?

நேரலையில் படம் உடைந்து, பழைய பதிவு தெளிவாக ஓடினால் பெட்டியில் பிழையில்லை. டிஸ், அதன் முனையிலுள்ள எல்.என்.பி., கேபிள் ஆகியவற்றைப் பாருங்கள். பதிவுகளே உறைந்து நின்று, உள்ளே ‘டக் டக்’ ஒலி கேட்டால் வன்தட்டு பழுதடைகிறது. உடனே நிறுத்துங்கள், ஓடவிடும் ஒவ்வொரு நிமிடமும் சேதத்தைக் கூட்டலாம். பெட்டி உயிர் பெறாமலோ தானாக நின்று நின்று இயங்கினாலோ, மின்வழங்கிப் பலகையில் கபாசிட்டர்கள் வீங்கியிருக்கக்கூடும். அவை மலிவானவை. ஆனால் பிளக்கைக் கழற்றிய பின்னும் அவற்றில் மின்னேற்றம் தங்கும். ஆகவே தெரிந்த தொழில்நுட்பவியலாளரிடமே கொடுங்கள். ‘பதிவுகளை அழிக்கக் கூடாது’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வன்தட்டை மாற்றுவதானால் இணைப்பு வகையைப் பாருங்கள். பழைய பெட்டிகளில் ஐ.டி.ஈ., பிந்தியவற்றில் சாட்டா. கழற்றிய தட்டில் எந்தப் பெட்டியுடையது என்று எழுதி ஒட்டி, பெட்டியுடனேயே வையுங்கள்.

ஊருக்கு அனுப்பலாமா?

அனுப்பிப் பயனில்லை. பிரித்தானியச் சனல்களைத் தரும் செய்மதிக் கதிர் இலங்கையை எட்டாது. இங்குள்ள கட்டணச் சேவைகளுக்கும் அந்தப் பெட்டி பொருந்தாது. பிரித்தானியாவிலேயே வைத்திருந்தால், சந்தா இல்லாமலும் இலவசச் சனல்கள் பார்க்க உதவும். ஆனால் ஸ்கை கியூவுக்கென எல்.என்.பி. மாற்றப்பட்ட டிஸ்ஸில் பழைய பெட்டிக்குப் பொதுவாகச் சிக்னல் கிடைக்காது.

ஊருக்கு அனுப்ப வேண்டியது பிரதியைத்தான். ஒன்றை அங்கே வைத்து, மற்றொன்றை இங்குள்ள உறவினரிடம் கொடுங்கள். எந்தச் சனல், எந்த நாள், படத்தில் இருப்பவர் யார் என்பதையும் சேர்த்து எழுதி வையுங்கள். முகத்தை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.