உயரமும் ஒரு ரயில்வே வேலையும்

பிள்ளை உயரமா வளர்ந்தா நம்ம வீடுகள்ல ஒரு பேச்சு வரும்: "பாஸ்கெட்பால் ஆடட்டும், ரயில்வேயிலோ பேங்க்லயோ வேலை கிடைக்கும்." நான் பேங்க்காரன், அதனால இந்தக் கணக்கு எனக்குப் புரியும். எங்க பெங்களூர்ல விஜயா பேங்க் அணி, சென்னையில ஐஓபி அணி எல்லாம் இந்தக் கணக்குல வந்தவைதான்.

இந்த வழியில ரொம்ப தூரம் போனவர் கீத்து அன்னா ஜோஸ். கோட்டயம் மாவட்டத்துக்காரர், 6 அடி 2 அங்குலம், சென்னையில தெற்கு ரயில்வே வேலை. ஆடுற இடம் சென்டர், அதாவது கூடைக்குக் கீழே முட்டி மோதி நிக்கிற இடம். இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். 2006-ல ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் கிளப்புக்கு ஆடப் போனார். 2011-ல அமெரிக்காவின் டபிள்யூஎன்பிஏ அணிகள் மூணு அவரைத் தேர்வுக்குக் கூப்பிட்டன. ஒப்பந்தம் கிடைக்கல. 2014-ல அர்ஜுனா விருது வந்தது.

அமெரிக்கத் தேர்வுக்குப் போனப்ப அவருக்கு வயசு 25. பஞ்சாப் சென்டர் சத்னாம் சிங் 14 வயசுலயே ஃப்ளோரிடா பயிற்சிக்குப் போனார். 2015-ல டல்லாஸ் அணி அவரை 52-வதா எடுத்தது. ஆனா அவரும் ஒரு என்பிஏ ஆட்டம்கூட ஆடல.

அப்போ ரயில்வே வேலை சின்ன ஆசையா? இல்லீங்க. அவர் ஆடின காலத்துல பெண்களுக்குச் சம்பளம் தர்ற பாஸ்கெட்பால் லீக் இங்க இல்ல; அவரை ஆட்டத்துல வச்சிருந்ததே அந்த மாசச் சம்பளம்தான்.

ஒண்ணு மட்டும் யோசிங்க. விஜயா பேங்க் 2019-ல பரோடா வங்கியோட இணைஞ்சிருச்சு. பழைய கணக்கை நம்பி பிள்ளைகளை அனுப்புறதுக்கு முன்னாடி, எந்த நிறுவனம் இன்னும் ஆள் எடுக்குதுன்னு விசாரிச்சுக்குங்க.