பொம்மை செய்த ஊரும் பொம்மை சேர்ப்போரும்

சென்னைப் பட்டணத்தின் வடக்கு விளிம்பில், கடலை ஒட்டிக் கோயில் கொண்டிருக்கும் திருவொற்றியூரில் புறப்பட்டு, எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி என்று இருப்புப்பாதையின் போக்கிலேயே சென்று, ஆந்திர எல்லைக்குச் சற்று இப்பால் கும்மிடிப்பூண்டியின் சிப்காட் தொழிற்பேட்டையில் முடியும் நிலப்பரப்பை, புகைபோக்கிகளும் உலைகளும் நிறைந்த இடம் என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணிப் பழகியிருக்கிறோம். டயர், லாரி, மோட்டார் சைக்கிள், உருக்குக் கம்பி, அனல் மின்சாரம் என்ற பெயர்களோடு சேர்த்தே நினைக்கப்படும் இந்தப் பிரதேசத்தின் தொழிற் சரித்திரத்தில் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளுக்கு ஒரு தொடக்க அத்தியாயம் உண்டு. இங்கே வேர்விட்ட ஸ்தாபனம் ஒன்று பிற்காலத்தில் செய்த பொம்மைகளைக் கடல் கடந்த நாடுகளில் வளர்ந்த மனிதர்கள் தேடி வாங்கிப் பேணுகிறார்கள். அதே பொம்மையை நம் ஊர்க்காரர் ஒருவர் தம் அலமாரியில் வைத்தாலோ, அவருடைய புத்தியின் முதிர்ச்சியையே நாம் சந்தேகிக்கிறோம். இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து ஆராய்வது அவசியம் என்பது என் எண்ணம்.

1946-ஆம் ஆண்டில், அப்போது செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த திருவொற்றியூரில், கே. எம். மாம்மன் மாப்பிள்ளை என்ற இளைஞர் ஒரு சிறு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கினார். அவர் செல்வம் கொழித்த குடும்பத்தில் பிறந்தவர். ஆயினும், குடும்பத்தார் நடத்திய திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கு 1938-ல் வீழ்ந்து, தந்தையார் சமஸ்தானத்துச் சிறைக்கு அனுப்பப்பட்டு, அவர்களுடைய மலையாள மனோரமா பத்திரிகையும் முத்திரையிடப்பட்டபோது, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அவர் வறுமையின் முகத்தை நேருக்கு நேர் கண்டார். யந்திரம் என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லாத அந்தக் கொட்டகையில், மனைவியாரும் கை கொடுக்கச் செய்து முடித்த பலூன்களைப் பையில் திணித்துக்கொண்டு சென்னைத் தெருக்களிலே கடை கடையாக ஏறி இறங்கி விற்றவரும் அவரே. மூன்று ஆண்டுகள் சென்று, 1949-ல், தம்புச் செட்டித் தெருவின் 334-ஆம் எண் வீட்டில் அவருடைய முதல் அலுவலகம் திறக்கப்பட்ட சமயத்தில், பலூனோடு, அழுத்தினால் கீச்சென்று குரல் கொடுக்கும் ரப்பர்ப் பொம்மைகளும், தொழிலாளர் அணியும் கையுறைகளும் அந்தக் கொட்டகையில் உற்பத்தியாயின. 1952-ல் பழைய டயருக்குப் புது மேற்பரப்பு இடும் ரப்பரும், 1961-ல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு கம்பெனியின் தொழில் துணையோடு டயருமாக வளர்ந்து, மெட்ராஸ் ரப்பர் பாக்டரி என்ற பெயர் எம். ஆர். எஃப். என்று சுருங்கி உலகெங்கும் பரவிய கதையை இங்கே விரிக்க வேண்டியதில்லை. பலூன் விற்ற கையால் டயர் விற்றவரை நாடு மெச்சிற்று. 1992-ல் பத்மஸ்ரீ விருதும் அளித்தது. பொம்மையைச் செய்து விற்பதில் எவரும் இழிவு காணவில்லை என்பதை மட்டும் வாசகர் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அதே குழுமம் தன் பூர்வத் தொழிலுக்கே ஒருவகையில் திரும்பிற்று. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனியோடு கூடி 1987-ல் அது தொடங்கிய ஃபன்ஸ்கூல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, கோவாவிலும், பின்னர் இராணிப்பேட்டையிலும் பொம்மைகளை உற்பத்தி செய்தது. அவற்றுள் ஜி. ஐ. ஜோ என்னும் போர்வீரப் பொம்மைகளே இந்தக் கட்டுரைக்கு முக்கியமானவை. நான்கு அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த உயரமும், முழங்காலும் முழங்கையும் மடங்கும் அமைப்பும் கொண்ட இந்த வீரர்களை வார்க்கும் எஃகு அச்சுகள், அமெரிக்காவில் தம் காலம் முடிந்தபின் நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தன. அங்கே நிறுத்தப்பட்ட உருவங்கள் இங்கே பல ஆண்டுகள் புதிதாகவே வார்க்கப்பட்டுக்கொண்டிருந்தன; இங்கே கிடைத்த பிளாஸ்டிக்கின் சாயலும், சட்டைக்கு இட்ட வர்ணமும் மூலத்திலிருந்து வேறுபட்டன; ஒருவருடைய தலையும் மற்றொருவருடைய உடலும் சேர்ந்து, அமெரிக்கா கண்டிராத புதிய வீரர்களும் பிறந்தனர். இந்த வேறுபாடுகளே அயல்நாட்டு அபிமானிகளைக் கவர்ந்தன. சென்னையிலும் மதுரையிலும் ஒரு பையன் பரீட்சையில் தேறியதற்காகத் தகப்பனாரிடம் கேட்டு வாங்கி, ஒரே மாதத்தில் கை ஒடித்துப் போட்ட பொம்மையை, அட்டையிலிருந்து பிரிக்காமல் பாதுகாக்க அமெரிக்காவில் ஒருவர் விலை கொடுத்தார்.

இந்தப் பொம்மையின் இடுப்புக்குள் ஒரு சிறிய ரப்பர் வளையம் இருக்கிறது. மேலுடலையும் காலையும் இழுத்துப் பிடித்திருப்பது அதுவே. காலம் செல்லச் செல்ல அது இறுகி வெடித்து அறுந்துபோகவே, பொம்மை இரண்டாகப் பிரிந்து விழும். முதுகிலுள்ள திருகாணியைக் கழற்றிப் புதிய வளையம் இட்டு, மறுபடி அதை நிற்கச் செய்வதே சேகரிப்பாளர் ஒவ்வொருவரும் முதலில் கற்கும் வித்தை. அந்த வித்தைக்கு வேண்டிய பொறுமையும், வார்ப்பின் குறியையும் வர்ணத்தின் பேதத்தையும் கொண்டு இன்ன அச்சு, இன்ன காலம் என்று நிர்ணயிக்கும் கூர்மையும், நாணய ஆராய்ச்சியாளருக்கு வேண்டியவற்றுக்குச் சிறிதும் குறைந்தவையல்ல.

அமெரிக்காவில் 1994-ல், ஜி. ஐ. ஜோ பிறந்து முப்பது ஆண்டு நிறைந்ததைக் கொண்டாட, நியூயார்க்கில் இன்ட்ரெபிட் என்ற பழைய போர்க்கப்பலிலே அபிமானிகளின் மகாநாடு கூடிற்று. ஆனால் அந்த நாடும் இவர்களை எள்ளாமல் விட்டுவிடவில்லை. 1964-ல் இதை முதன்முதல் வெளியிட்டபோது, ஆண் பிள்ளைகளுக்குப் பொம்மை வாங்கித் தரத் தகப்பன்மார் கூசுவார்கள் என்று அஞ்சி, ‘பொம்மை’ என்ற பேச்சே தம் விற்பனையாளர் வாயில் வரலாகாது என்று கம்பெனியார் எச்சரிக்கையாயிருந்தனர். ஆக, இந்தப் பழி எங்கும் உள்ளதே. நம்மிடையே அது எவ்வாறு உருக்கொண்டது என்பதே நமக்கு விசாரம்.

நம் வீடுகளில் இந்தப் பழி பெரும்பாலும் மூன்று வாக்கியங்களில் அடங்கிவிடும். “இன்னும் சின்னப் பிள்ளையா நீ?” என்பது ஒன்று, “இந்தக் காசைச் சேர்த்தால் ஒரு கிராம் தங்கம் வாங்கியிருக்கலாமே” என்பது மற்றொன்று, “மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படாமல் அந்தப் பொம்மைக் கார்களையெல்லாம் பரணில் ஏற்றிவிடு” என்பது மூன்றாவது. சொல்லுகிறவர்கள் கொடியவர்கள் அல்லர். விளையாட்டுச் சாமான் என்பது திருவிழாக் கடையில் ஆண்டுக்கு ஒருமுறை வாங்கும் பண்டமாக இருந்த காலத்தில் வளர்ந்தவர்கள் அவர்கள். வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்த காரைப் பிள்ளையின் கையில் கொடுக்க மனம் வராமல், கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, வருவோர்க்குக் காட்டி மகிழ்ந்தவர்களும் அவர்களே. வறுமைக்கு அஞ்சிப் பழகிய உள்ளத்துக்கு, பயன் இல்லாத பொருளின்மேல் செலவு செய்வது பாபமாகவே தோன்றும். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் சிறுதேர் உருட்டுவதற்கு ஒரு பருவத்தை வகுத்து, அத்தோடு அந்தத் தேரை இறக்கி வைத்துவிட்டதும் நம் மரபின் மனப்போக்கைக் காட்டுகிறது. பொருட்பற்றை வெறுத்துரைத்த பட்டினத்தடிகள் சமாதி கொண்டிருப்பதும் இதே திருவொற்றியூர்க் கடற்கரையில்தான். ஆனால் அந்த மகான் எவ்வாறு சமாதி அடைந்தார் என்று ஐதிகம் சொல்லுகிறது? கடற்கரை மணலில் சிறுவர்களோடு ஓடி ஒளிந்து விளையாடி, தம்மைச் சாலால் மூடச் செய்து, அவர்கள் திறந்து பார்க்கையில் லிங்கமாக நின்றார் என்றல்லவா! துறவின் உச்சியில் நின்றவருக்கே விளையாட்டு இழிவாகத் தோன்றவில்லை.

இதைக் காட்டிலும் வலிய சாட்சி நம் நவராத்திரிக் கொலு. எல்லா வீட்டு வழக்கமும் அது அல்ல என்பது உண்மையே. ஆயினும், கொலு வைக்கும் வீட்டை ஒருமுறை உள்ளே சென்று பார்த்தவர்கள் யோசித்துப் பார்க்கட்டும். தாயார் சீராகத் தந்த மரப்பாச்சி இணையோடு தொடங்கி, ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மையேனும் வாங்க வேண்டும் என்ற நியமத்தோடு, காஞ்சிபுரத்துக் காகிதக்கூழ்ப் பொம்மையும், பண்ணுருட்டிக் களிமண் பொம்மையும், மதுரைக்கு அருகே விளாச்சேரியிலிருந்து வந்தவையுமாக நாற்பது, ஐம்பது ஆண்டுகள் சேர்ந்த செல்வத்தைப் பழைய வேட்டித் துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக் காக்கிறார்கள். கீழே தரையில் பூங்காவும், சந்தையும், ரயில் நிலையமும், கிரிக்கெட் ஆட்டமும் விரிகின்றன. ஒன்பது நாளும் பிறர் வந்து பார்க்கிறார்கள். இது எங்கே வாங்கியது, இதன் ஜோடி எங்கே என்று விசாரிக்கிறார்கள். சுண்டல் பெற்றுக்கொண்டு, தம் வீட்டுக்கு வருமாறு அழைத்துவிட்டுப் போகிறார்கள். சேகரிப்பு, பேணல், காட்சி, ஒத்த ருசியுடையோர் கூட்டம் என்று இக்காலத்து அபிமானிகள் மகாநாட்டுக்கு உரிய லக்ஷணங்களில் எது இதில் இல்லை? தெய்வத்தின் பெயரால், குறித்த நாட்களில், பெண்கள் செய்யும்போது கலை என்று கொண்டாடப்படுவது, அந்தப் பெயரும் நாளும் இன்றி முப்பது வயது ஆண்மகன் செய்யும்போது கோளாறு ஆகிவிடுகிறது. இந்தத் தீர்ப்பில் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ருசியுள்ள பெரியோர் இதை அறிந்தேயிருந்தார்கள். கேலிச்சித்திரக்காரர் சங்கர், குழந்தைகள் போட்டிக்குப் பரிசாக ஹங்கேரி நாட்டுத் தூதர் அளித்த ஒரு பொம்மையில் மனம் பறிகொடுத்து, பிரதமர் நேருவோடு பத்திரிகையாளராகச் சென்ற நாடுகளிலெல்லாம் பொம்மை வாங்கிச் சேர்த்து, அது பெருகிப் புது டில்லியில் ஒரு சர்வதேசப் பொம்மைக் காட்சிசாலையே ஆயிற்று. 1965 நவம்பர் 30-ஆம் தேதி அதைத் திறந்து வைத்தவர் ராஷ்டிரபதி ராதாகிருஷ்ணன். இன்று திருவள்ளூர் மாவட்டத்துள் அமைந்திருக்கும் திருத்தணியில் பிறந்தவர். உபநிஷதங்களுக்கு உரை கண்ட தத்துவ ஞானி, வயது வந்த ஒருவர் சேர்த்த பொம்மைகளின் முன் நின்றபோது, ராஷ்டிரபதி பதவியின் கௌரவம் எள்ளளவும் குறையவில்லை.

நம் நாட்டு அபிமானிகள் ஒன்றுகூடத் தொடங்கியது அண்மைக் காலத்திலேதான். 2011-ல் டில்லியில் தொடங்கிய, காமிக்ஸ் என்னும் படக்கதை அபிமானிகளின் காமிக் கான் விழா, 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கத்து வர்த்தக மையத்தில் முதன்முறையாகச் சென்னைக்கு வந்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே, சிவகாசியிலிருந்து 1972 முதல் வெளிவந்த முத்து காமிக்ஸ், 1984 முதல் வந்த லயன் காமிக்ஸ் ஆகியவற்றின் வாசகர்கள், தலை நரைத்தவர்கள் உட்பட, ஈரோட்டுப் புத்தகத் திருவிழாச் சமயத்தில் கூடிப் பேசி வருகிறார்கள். பள்ளிப் பருவத்தில் பாடப் புத்தகத்துள் மறைத்து வைத்துப் படித்ததை மறைக்காமல் பேச ஓர் இடம் கிடைத்ததில் அவர்கள் அடையும் ஆனந்தத்தைக் கண்டவர்களுக்கு, இத்தகைய கூட்டங்களின் தேவை விளங்கும். தனியாக இருக்கையில் வெட்கமாக இருந்தது, பலர் கூடுகையில் ரசனையாகிவிடுகிறது.

தொழிற் பிரதேசத்துக்கு மீண்டும் வருவோம். திருவொற்றியூரில் 1956 முதல் உருவான புல்லட் மோட்டார் சைக்கிளைப் பழைய பட்டறைகளில் தேடிப் பிடித்துப் புதுப்பிப்பவரை ‘ரசிகர்’ என்று மதிக்கிறோம். ஆண்டுதோறும் கோவாவில் அவர்கள் கூடுவது செய்தியாகிறது. ஆனால் அதே வண்டியின் உள்ளங்கை அளவுப் பொம்மையைச் சேர்ப்பவர் பிள்ளைப் புத்தியுடையவர். இந்தப் பேதத்தை அந்த வண்டியைச் செய்யும் கம்பெனியே ஒப்பவில்லை போலும். 2022-ல் தன் வண்டி ஒன்றை மூன்றில் ஒரு பங்கு அளவில் கையால் செய்து, அறுபதாயிரம் ரூபாய்க்கும் மேற்பட்ட விலைக்கு விற்க முன்வந்தது. திருவள்ளூரை அடுத்த மேல்நல்லாத்தூரில் கேட்டர்பில்லர் கம்பெனி செய்யும் சுரங்க லாரிகளின் வகையைச் சேர்ந்த யந்திரங்களின் ஐம்பதில் ஒரு பங்கு அளவு வார்ப்புகளை, மேனாட்டில் அந்த யந்திரங்களை ஓட்டியவர்களும் பழுது பார்த்தவர்களுமே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். தன் உழைப்பின் உருவத்தைத் தன் வீட்டில் வைத்துப் பார்ப்பதில் ஒரு கண்ணியம் உண்டு. நம் தொழிலாளிக்கும் அந்த ஆசை இருக்கலாகாதா?

கடன் பட்டு வாங்குவதும், குழந்தைகளுக்கு எட்டாதபடி கடையிலுள்ள கார்களையெல்லாம் அள்ளிச் சென்று இரட்டிப்பு விலைக்கு விற்பதும் நிகழ்கின்றன. அவை கண்டிக்கத்தக்கவையே, பின்னது சேகரிப்பே அல்ல, வியாபாரம். ஆனால் உண்மைச் சேகரிப்பாளர் செய்யும் உபகாரம் பெரிது. திருவள்ளூர் மாவட்டத்தின் அத்திரம்பாக்கத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் குனிந்து பொறுக்கிய கற்களை, அன்று அவ்வழியே சென்றவர்கள் வெறுங் கற்களாகவே கண்டிருப்பார்கள். இன்று ஆதி மனிதனின் சரித்திரத்தை அவை நமக்குச் சொல்லுகின்றன. தொழிற்சாலைகளோ தாம் செய்ததைக் காப்பதில்லை. அச்சு தேய்ந்தால் உருக்கிவிடுகின்றன. 1949-ல் திருவொற்றியூர்க் கொட்டகையில் வார்த்த கீச்சுப் பொம்மைகளுள் ஒன்றேனும் யார் வீட்டுப் பரணிலேனும் மிஞ்சியிருக்குமானால், அது பிழைத்தது யாரோ ஒருவர் எள்ளலைப் பொருட்படுத்தாமல் வைத்துக்கொண்டதனால்தான்.

ஆகவே, பழைய பொம்மைகள் தம் வீட்டில் உள்ளவர்கள் அவற்றைக் காயலான் கடைக்குப் போடாமல், எந்த ஆண்டு, எந்தக் கடையில், யார் வாங்கித் தந்தது என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உடன் வைக்க வேண்டுகிறேன். இந்தப் பிரதேசத்தின் தொழிற் சரித்திரத்துக்கு என்று ஒரு காட்சிசாலை திருவொற்றியூரிலோ திருவள்ளூரிலோ அமையுமானால், டயருக்கும் லாரிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் முன்னால், முதல் அறையைப் பலூனுக்கும் பொம்மைக்கும் ஒதுக்க வேண்டும். அந்த அறையை அமைக்கும் பொறுப்பை இந்தச் சேகரிப்பாளர்களிடமே ஒப்படைக்க வேண்டும்.