கையொப்பம் யாருடையது?

மரக்காணத்து உப்பளங்களின் ஓரத்தில் ஒரு கால்வாய் வந்து முடிகிறது. வடக்கே ஆந்திர நாட்டுப் பெத்தகஞ்சாமில் புறப்பட்டு, சென்னை நகரை ஊடறுத்து, 400 கிலோமீட்டருக்கு மேல் கடற்கரையை ஒட்டியே நடந்து வருகிற பக்கிங்காம் கால்வாய் அது. சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை 1877–78இல், தாது வருடப் பஞ்சத்தின்போது வெட்டினார்கள். வெட்டியவர்கள் யார்? பட்டினியால் எலும்புந்தோலுமாகி, நிவாரணக் கூலிக்கு மண் சுமந்த மக்கள்! அவர்களுடைய பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. நாட்டை ஆண்ட கவர்னரின் பெயர் நிலைத்துவிட்டது. அதே பெயரைத் தாங்கி, 1876இல் தொடங்கிய நூற்பாலை ஒன்றும் பெரம்பூரில் புகை கக்கி நின்றது.

உழைப்பவன் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு. கூலி எவ்வளவு என்பது ஒன்று. அந்தக் கூலிக்கு, அந்த வேலை நேரத்துக்கு, அந்த நிபந்தனைக்குச் சம்மதம் சொன்னது யார் என்பது மற்றொன்று. முதற் கேள்வியைப்பற்றி ஏடுகள் நிறைய எழுதிவிட்டன. இரண்டாவதை வரலாற்றின் வழிநின்று சிறிது ஆராய விரும்புகிறோம்.

பெரம்பூர் ஆலையிலேயே தொடங்கலாம். 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. பி. பி. வாடியா தலைவர். திரு. வி. க. துணைத் தலைவர்களுள் ஒருவர். செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் செயலாளர்கள். அதுவரை ஆலை வாயிலில் தனித்தனியே கைகட்டி நின்ற மனிதன், அன்றுமுதல் ‘நாங்கள்’ என்று பேசக் கற்றான். அந்த ஒரு சொல்லை நிர்வாகத்தாலே பொறுக்க முடியவில்லை.

1920இல் ஆலையில் பூசல் மூண்டது. கதவடைப்பு வந்தது. நிர்வாகம் உயர்நீதிமன்றத்தின் படியேறி, வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளரைத் தூண்டினார்கள் என்று வாடியா மீதும் சங்கத்தார் மீதும் வழக்குத் தொடுத்தது. நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்தது. சங்கத்தைக் காக்கச் சட்டமே இல்லாத காலம் அது! வழக்கின் சுமை தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருக்க, 1921 தொடக்கத்தில் உடன்பாடு ஒன்று உருவாயிற்று. தொழிலாளர் வேலைக்குத் திரும்புவது; வாடியா சங்கத்தை விட்டு விலகுவது.

விலகினார் வாடியா. அவர்மீது குறை கூற நாம் வரவில்லை. வீடு வாசலற்ற ஏழைகள் மீது நஷ்டஈடு விழுமோ என்ற கவலையிலே நின்றவர் அவர். எனினும் ஒன்று கேட்கிறோம்: தங்கள் தலைவர் தங்களோடு இருப்பதா, போவதா என்பதை ஆயிரமாயிரம் ஆலைத் தொழிலாளருக்காக வழக்கு மேசை அல்லவா தீர்மானித்தது? அந்த உடன்பாடு வாழ்ந்த காலம் எவ்வளவு? சில திங்கள்! 1921 ஜூனில் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. அக்டோபர் வரை நீண்டது.

அந்தப் போராட்டத்தின் கசப்பான பக்கத்தை மறைப்பவர் உண்டு. நாம் மறைக்கமாட்டோம். ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பாலோர் வேலைநிறுத்தத்திலே நிற்காமல் ஆலைக்குள் சென்றனர். புளியந்தோப்பில் சாதிக் கலவரம் மூண்டது, குடிசைகள் எரிந்தன, ஆகஸ்டு 29ஆம் நாள் போலீசார் சுட்டதில் உயிர்கள் மாண்டன. “துரோகிகள்” என்று சேரியை நோக்கிக் கை நீட்டினர் சிலர். தெருவிலே தீண்டாமை, கிணற்றடியிலே தீண்டாமை. வேலைநிறுத்தத் தீர்மானத்தில் மட்டும் சமத்துவமோ? தன்னைச் சமமாக நடத்தாதவன் எடுத்த முடிவுக்காகத் தன் குழந்தையின் கஞ்சியைக் கவிழ்க்கவேண்டும் என்று ஒருவனிடம் எப்படிக் கேட்பது? சங்கம் என்பது சந்தாப் புத்தகம் மட்டுமாக இருந்தால், நெருக்கடி வந்த நாளில் சாதியின் கோடு வழியாகவே அது பிளக்கும். பிளந்தது. கேட்டது கிட்டாமலே ஆலைக்குத் திரும்பினர் மற்றையோர்.

அந்த வழக்கினால் ஒரு நன்மையும் விளைந்தது. ஒப்பந்த மீறலைத் தூண்டியதாகச் சங்கத் தலைவர்களை நீதிமன்றத்துக்கு இழுக்கமுடியும் என்ற நிலை கண்டு நாடு திடுக்கிட்டது. என். எம். ஜோஷி 1921இலேயே மத்திய சட்டசபையில் குரல் எழுப்பினார். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. சங்கத்துக்கு அரண் கிடைத்தது. ஆனால், சங்கம் முதலாளியோடு எழுதும் உடன்பாட்டைத் தொழிலாளர் முன் வைத்து வாக்குக் கேட்கவேண்டும் என்ற விதி அதில் இல்லை.

சென்னையை விட்டுத் தெற்கே வருவோம். மரக்காணத்தைக் கடந்துதான் புதுவைக்குச் செல்லவேண்டும். சங்ககாலத்து எயிற்பட்டினம் இதுவே என்பர் ஆய்வாளர். உமணர் வண்டி கட்டிய நாள்தொட்டு உப்பு விளையும் கரை. இங்கே பாத்தியில் வெந்நிற வெயிலில் நின்று உப்பு வாரும் ஆணும் பெண்ணும் அன்றாடக் கூலிக்காரர்கள். வடகிழக்குப் பருவமழை இறங்கினால் அந்தக் கூலியும் கரைந்துபோகும். உடன்பாட்டை ஏற்பதா மறுப்பதா என்ற தொல்லையே அவர்களுக்கு வந்ததில்லை. உடன்பாடு என்று ஒன்றை அவர்கள்முன் நீட்டினால் அல்லவா!

புதுவை, அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. சவானா, ரோடியர், கெப்ளே என மூன்று ஆலைகள். 1936 ஜூனில் பிரான்சு நாட்டுத் தொழிலாளர் ஆலைக்குள்ளேயே அமர்ந்து போராடி, மாத்தின்யோன் உடன்பாட்டைப் பெற்றனர். அந்தச் செய்தி கடல் தாண்டி வந்தது. பாரிசில் உள்ளவனுக்கு உண்டு, புதுவையில் உள்ளவனுக்கு இல்லையா? வ. சுப்பையா முதலானோர் வழிநடத்த, புதுவைத் தொழிலாளரும் ஆலைக்குள் அமர்ந்தனர். ஜூலை 30ஆம் நாள் துப்பாக்கி பேசிற்று. 12 தொழிலாளர் மாண்டனர். அந்தக் குருதியின் மேல் நின்றுதான் 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலையும், சங்கம் அமைக்கும் உரிமையும் சட்டமாயின.

சென்னையில் தோல்வி, புதுவையில் வெற்றி என்று கணக்கு எழுதி முடித்துவிடலாம். அவ்வளவு எளிதன்று. உடன்பாட்டை மறுப்பதெல்லாம் வீரமும் ஆகாது. ஏற்பதெல்லாம் கோழைத்தனமும் ஆகாது. வீட்டில் எத்தனை நாள் அரிசி இருக்கிறது, கூலி உயர்வு எத்தனை ஆண்டுக்கு, அதற்கு ஈடாக வேலைப்பளு ஏறுகிறதா, புதிதாகச் சேர்ந்தவனும் ஒப்பந்தக்காரனின் ஆளும் வெளியே தள்ளப்படுகிறார்களா, மறுத்தால் அடுத்து என்ன வரும்—இத்தனையும் நிறுத்துப் பார்க்கவேண்டியவன் தொழிலாளி. பட்டினி கிடக்கப்போகிறவன் அவன் அல்லவா?

அமெரிக்க விமானிகளைப் பாருங்கள். சங்கப் பிரதிநிதிகள் நிர்வாகத்தோடு பேசி முடித்தாலும், அது தற்காலிக உடன்பாடே. விமானிகள் அதைப் படித்து வாக்களித்த பின்னரே உயிர் பெறும். யுனைடெட் நிறுவனத்து விமானிகள் 2022 நவம்பரில், தம் சங்கம் கொண்டுவந்த உடன்பாட்டை 94 விழுக்காட்டு வாக்கால் தூக்கி எறிந்தனர். மீண்டும் பேச்சு நடந்தது. 2023 செப்டம்பரில் வந்த புதிய உடன்பாட்டை 97 விழுக்காட்டினர் ஏற்றனர். சங்கம் உடைந்ததா? இல்லை. வானமும் இடிந்து விழவில்லை. கொழுத்த சம்பளக்காரர்களாயிற்றே, அவர்களுக்கு இயலும் என்பீர்கள். வாக்குச் சீட்டும் பணக்காரனுக்கு மட்டுமே உரிய பண்டமோ?

நம் நாட்டிலோ 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, சமரச அதிகாரி முன் எழுதப்பட்ட உடன்பாடு அங்குள்ள தொழிலாளர் அனைவரையும், நாளை சேரப்போகிறவனையும்கூடக் கட்டும் என்றது. கட்டுப்படுகிறவனின் வாக்கு? அதைப்பற்றி மௌனம்! 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம், 51 விழுக்காட்டினர் ஆதரவு பெற்ற சங்கத்துக்குப் பேசும் உரிமையைத் தருகிறது. பேசிமுடித்ததை அவர்கள்முன் வைப்பது, சங்கத்தின் மனச்சாட்சியைப் பொறுத்தது.

திருப்பெரும்புதூரில் 2024இல் நடந்ததை நாடறியும். செப்டம்பர் 9ஆம் நாள் சாம்சங் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். அக்டோபர் 7ஆம் நாள், தொழிலாளரில் ஒரு பகுதியினரோடு நிர்வாகம் உடன்பாடு எழுதிற்று. அமைச்சர்கள் முன்னிலை, புகைப்படம், கைகுலுக்கல். போராட்டம் முடிந்தது என்றனர். கூடாரத்தில் அமர்ந்திருந்தவர்கள் எழவில்லை. “அதில் எங்கள் கையொப்பம் இல்லை” என்பதே அவர்கள் நிலை. சங்கத்தோடு பேசிய பின்னர், அந்த மாதம் 15ஆம் நாள் போராட்டம் நின்றது. 2025 சனவரியில் சங்கம் பதிவாயிற்று. மே மாதத்தில், அதே சங்கத்தின் கையொப்பத்தோடு மூன்றாண்டு ஊதிய உடன்பாடு எழுதப்பட்டது.